'ஐம் எய்ட்டீன்' பாட்டும் ஆலிஸ் கூப்பரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுபதுகளின் ஆங்கில ராக் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் போட்டுக் காட்டுவது ஆலிஸ் கூப்பரின் 'ஐம் எய்ட்டீன்' ('எனக்குப் பதினெட்டு') பாட்டைத்தான். கேட்டு முடித்ததும் நண்பர்களும், கிட்டார் பழகும் பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

ஆலிஸ் கூப்பர்னு சொல்றீங்க, பொம்பளைப் பேரா இருக்கே. பாடுறது யாரு?

ஆண்தான். இயற்பெயர் வின்சென்ட் டேமன் ஃபர்னியர். 1948 பிப்ரவரி 4 அன்று டெட்ராய்ட் நகரில் பிறந்து, அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் வளர்ந்தவர். அங்கே கோர்டெஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1964-இல் பள்ளியின் திறமைப் போட்டிக்காக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பீட்டில்ஸ் மாதிரி வேடம் போட்டு மேடையேறினார். அன்றைக்கு அந்தக் கூட்டணிக்குப் பெயர் 'இயர்விக்ஸ்'. அப்புறம் 'ஸ்பைடர்ஸ்' ஆனது, பிறகு 'நாஸ்' ஆனது. டாட் ரன்ட்கிரனின் குழு ஏற்கெனவே 'நாஸ்' என்ற பெயரில் இருந்ததால் 1968-இல் மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. அப்போது வைத்த பெயர்தான் 'ஆலிஸ் கூப்பர்'.

இதில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அது முதலில் ஐந்து பேர் கொண்ட குழுவின் பெயர். பாடகரை மட்டும் குறிக்கும் பெயராக மாறியது பின்னால்தான். கீழே வரும் சில கேள்விகளுக்கு இதுதான் திறவுகோல்.

சரி, பாட்டு எதைப் பத்தி?

பதினெட்டு வயது ஆனவன் ஒருவன் தன் நிலைமையைச் சொல்கிறான். முகத்திலும் கையிலும் கோடு விழுகிறது, ஆனால் கையில் திட்டம் எதுவும் இல்லை. நான் பையனா, ஆம்பளையா? இரண்டுமாக இருக்கிறேன். மூளை குழந்தையுடையது, இதயம் கிழவனுடையது. எதற்கோ நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை, இந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். மொத்தமும் இவ்வளவுதான். காதலி கிடையாது, வில்லன் கிடையாது, கதையே கிடையாது.

ஆனால் கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது. பாட்டு முழுக்க எதைப் புலம்பினானோ அதையே முடிவில் 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று கத்துகிறான். குழப்பம் தீரவில்லை, வழியும் கிடைக்கவில்லை, அப்படியிருந்தும் பிடித்திருக்கிறது. நான் இந்தப் பாட்டை இத்தனை பேருக்குப் போட்டுக் காட்டுவதற்குக் காரணமே அந்த ஒரு வரிதான்.

ஷாக் ராக்னா என்ன? இவர்தான் அதை ஆரம்பிச்சாரா?

பார்ப்பவரை வேண்டுமென்றே திடுக்கிட வைக்கும் மேடை நாடகத்தோடு சேர்ந்த ராக் இசையை அப்படிச் சொல்வார்கள். ரத்தம், பாம்பு, தூக்குமேடை, கண்ணைச் சுற்றிக் கரிய மை, கிழிந்த உடைகள் எல்லாம் இதில் அடக்கம்.

ஆரம்பித்தவர் இவர் இல்லை. ஐம்பதுகளிலேயே ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடினார். இங்கிலாந்தின் ஆர்தர் பிரவுன் 1968-இல் தலையில் நெருப்பு எரியும் கவசத்தோடு மேடைக்கு வந்தார். ஆலிஸ் கூப்பர் குழு செய்தது வேறு. தனித்தனி வித்தைகளாக இருந்தவற்றைக் கோர்த்து, ஒரு கெட்டவன், அவன் செய்யும் குற்றங்கள், முடிவில் அவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்று முழு நாடகமாக்கினார்கள். அதைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். பின்னால் வந்த கிஸ், மர்லின் மான்சன், ஸ்லிப்நாட் எல்லாருக்கும் பாதை போட்டுக் கொடுத்தது அந்தக் குழு.

பாடும்போது அவருக்கு நிஜமாவே 18 வயசா?

இல்லை. 1970-இல் பதிவு செய்தபோது அவருக்கு 22. குழுவில் மற்றவர்களும் இருபதைத் தாண்டியவர்கள்தான்.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு இதுதான் பாட்டின் பலம் என்று தோன்றுகிறது. பதினெட்டில் இருப்பவனுக்குத் தன் நிலைமையை இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. நாலு வருடம் தள்ளி நின்றவர்களுக்கு வார்த்தை கிடைத்தது, கோபமும் ஆறியிருக்கவில்லை.

ஏன் 18? 16-னோ 20-னோ வெச்சிருக்கலாமே?

1970-இன் அமெரிக்காவை நினைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. 18 வயது ஆனதும் ஆண்கள் கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் பதிய வேண்டும் என்பது சட்டம். 1969 டிசம்பர் 1 அன்று, யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது என்று பிறந்த தேதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்ததைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். போருக்கு அனுப்ப வயது போதும், அந்தப் போரை முடிவு செய்பவர்களைத் தேர்ந்தெடுக்க வயது போதாது.

இந்த முரண்பாட்டைக் கண்டித்து நாடு முழுக்கக் குரல் எழுந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் 1971 ஜூலை 1 அன்று நிறைவேறி, வாக்களிக்கும் வயது 18 ஆனது. பாட்டு அமெரிக்க ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டு. பாட்டில் போர் பற்றியோ ஓட்டு பற்றியோ ஒரு சொல் கூட இல்லை. இருந்தாலும் பையனா, ஆம்பளையா என்று ஒருவன் கத்தும்போது அன்றைய இளைஞர்களுக்கு அது வெறும் மனக்குழப்பமாகக் கேட்டிருக்காது.

யாரு எழுதின பாட்டு?

ஐந்து பேரும் சேர்ந்து. வின்சென்ட் பாடகர், மவுத் ஆர்கனும் வாசிப்பார். கிளென் பக்ஸ்டன் முன்னணி கிட்டார். மைக்கேல் புரூஸ் ரிதம் கிட்டார், கீபோர்டு. டென்னிஸ் டனவே பேஸ். நீல் ஸ்மித் டிரம்ஸ். பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் ஐந்து பெயர்களும் இருக்கின்றன. பாடகரின் முகம் மட்டும் பிரபலமானதால் மற்ற நான்கு பேரும் மறக்கப்படுகிறார்கள். இது நியாயமில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இந்தப் பாட்டுக்கு முன்னாடி அவங்க யாருக்கும் தெரியாதாமே?

தெரிந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதுதான் நிலைமை. லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள், ஃபிராங்க் ஸாப்பா என்ற ராக் இசைக்கலைஞர் தன் 'ஸ்ட்ரெய்ட்' இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். 1969-இல் 'பிரெட்டீஸ் ஃபார் யூ', 1970-இல் 'ஈஸி ஆக்‌ஷன்' என்று இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. இரண்டுமே விற்கவில்லை. தாளம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பாட்டு எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்றே பிடிபடாது. லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள்.

அதனால் 1970-இல் டெட்ராய்ட் பக்கம் இடம் மாறினார்கள். எந்த ஊரில் முதலில் எழுந்து நின்று கை தட்டுகிறார்களோ அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம், அது என் சொந்த ஊராகவே அமைந்துவிட்டது என்று ஆலிஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எம்.சி.5, ஸ்டூஜஸ் போன்ற முரட்டுக் குழுக்களைக் கேட்டுப் பழகிய தொழிற்சாலை நகரம் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு இவர்களைப் பிடித்துப்போனது.

அப்போ இவ்ளோ நேர்த்தியான பாட்டு எங்கிருந்து வந்தது?

பாப் எஸ்ரின் என்ற 21 வயதுக் கனடாக்காரரிடமிருந்து என்று சொல்லலாம். குழுவின் மேலாளர் ஷெப் கார்டன், டொராண்டோவில் இருந்த ஜாக் ரிச்சர்ட்சன் என்ற இசைத் தயாரிப்பாளரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். ரிச்சர்ட்சனுக்கு இவர்கள் மேல் துளி ஆர்வமும் இல்லை. தொல்லை தாங்காமல் தன்னிடம் வேலை செய்த இளைஞரை 'நீ போய்ப் பார்த்துட்டு வா' என்று அனுப்பினார். எஸ்ரின் நியூயார்க்கில் 'மேக்ஸஸ் கான்ஸஸ் சிட்டி' கேளிக்கை விடுதியில் இவர்களைப் பார்த்து மயங்கித் திரும்பினார். அங்கே அவர் காதில் விழுந்த ஒரு பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. அதில் பாடகர் 'ஐம் எட்ஜி' என்று பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அது 'ஐம் எய்ட்டீன்' என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது அது ஏறக்குறைய எட்டு நிமிடம் இழுத்து வாசிக்கும் துண்டு. 'மறுபடியும் 18 ஆக மாட்டேனா' என்ற பொருளில் ஒரு தலைப்பும் வைத்திருந்தார்கள். மிச்சிகனில் பாண்டியாக் நகரத்துப் பக்கம் குழு தங்கியிருந்த பண்ணை வீட்டில் எஸ்ரின் உட்கார்ந்து, மறுபடி மறுபடி வாசிக்க வைத்து, வேண்டாததையெல்லாம் வெட்டி மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். பதிவு சிகாகோவில், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது.

வெட்டியதில் இசை மட்டும் மாறவில்லை என்பது என் எண்ணம். பழைய தலைப்பில் இருப்பது ஏக்கம், திரும்பிப் பார்ப்பவனின் பெருமூச்சு. 'எனக்குப் பதினெட்டு' என்று நிகழ்காலத்தில் நிறுத்தியதும் பாடுபவன் அந்த வயதுக்குள்ளேயே நிற்கிறான், தப்பிக்க வழியில்லாமல்.

கிட்டார்ல என்ன பண்றாங்க? கத்துக்கலாமா?

தாராளமாக. பாட்டு இ மைனரில் இருக்கிறது. வேகம் குறைவு, அதனால் புதிதாகக் கற்பவருக்கும் கைக்கு வரும். சரணங்களில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மொத்தமாக அடிக்காமல் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு தயக்கம், சோர்வு. பல்லவி வந்ததும் பவர் கார்டுகள் (இரண்டே சுரம் சேர்ந்த கனமான கார்டுகள்) 'ஏ' சுரத்திலிருந்து படிப்படியாக மேலேறுகின்றன, சோர்வு சீற்றமாகிறது. வார்த்தை புரியாதவருக்கும் இந்த ஏற்றம் புரிந்துவிடும்.

குரலையும் கவனியுங்கள். தொண்டை கிழிந்த மாதிரி கரகரப்பாகப் பாடுகிறார். சுத்தமான குரலில் யாராவது பாடினால் இந்தப் பாட்டு அப்படியே விழுந்துவிடும்.

எப்படி ஹிட் ஆச்சு?

1970 நவம்பரில் தனிப்பாட்டு இசைத்தட்டாக வெளியானது. அதன் பின்பக்கத்தில் இருந்த பாட்டு 'இஸ் இட் மை பாடி'. இசைத்தட்டை வெளியிட்ட வார்னர் நிறுவனத்துக்கு இது ஒரு சோதனை. இது விற்றால்தான் முழுத் தொகுப்புக்குப் பணம்.

திருப்பம் தந்தது சி.கே.எல்.டபிள்யூ வானொலி. நிலையம் இருந்தது கனடாவின் விண்ட்சர் நகரில், ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட். 50,000 வாட் சக்தி என்பதால் எல்லை தாண்டி அமெரிக்காவின் பல ஊர்களில் கேட்கும். எந்தப் பாட்டைப் போடுவது என்று அங்கே முடிவு செய்தவர் ரோசலி டிராம்ப்ளி. ஒரு பாட்டு எடுபடுமா என்று சொல்வதில் அவருக்கு இருந்த கணிப்பு பெயர் பெற்றது. அவர் இதைப் போட ஆரம்பித்தார். குழுவினரே ரசிகர்கள் போலத் தொலைபேசியில் கூப்பிட்டு இந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. 1971-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 21-ஆவது இடம், கனடாவில் 7-ஆவது இடம். அந்த வேகத்தில் மார்ச் மாதம் 'லவ் இட் டு டெத்' தொகுப்பு வந்தது.

ஷாக் ராக்னீங்க. இதுல ஷாக் ஒண்ணையும் காணோமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆமாம், இல்லை. பேய் இல்லை, ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. வேடம் போட்டுப் பிழைத்த ஒரு குழுவின் முதல் வெற்றி, வேடமே இல்லாத ஒரு பாட்டு.

நான் பலரோடும் வாதாடும் விஷயம் இதுதான். தூக்குமேடையும் பாம்பும்தான் ஆலிஸ் கூப்பரைப் பெரிய ஆளாக்கின என்று பொதுவாகச் சொல்கிறார்கள். காலக்கிரமத்தைப் பாருங்கள். விசித்திர வேடம் 1968-லிருந்தே இருந்தது, யாரும் சீண்டவில்லை. மூன்று நிமிடம் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொன்ன பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'இவன் நம்மைப் பற்றிப் பேசுகிறான்' என்று பிள்ளைகள் நம்பினார்கள், அதற்கப்புறம் அவன் மேடையில் என்ன செய்தாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தப் பாட்டு கொடுத்த காசிலும் பெயரிலும்தான் பெரிய மேடை நாடகங்களே கட்டப்பட்டன.

மேடையில உயிரோட கோழியைக் கடிச்சு ரத்தம் குடிச்சாராமே?

குடிக்கவில்லை. ஆனால் ஒரு கோழி செத்தது உண்மை. 1969 செப்டம்பர் 13, டொராண்டோவின் வார்சிட்டி மைதானத்தில் நடந்த ராக் விழா. ஜான் லெனன் தன் பிளாஸ்டிக் ஓனோ பேண்டோடு வாசித்த அதே விழாதான். மேடையில் எப்படியோ ஒரு கோழி வந்து சேர்ந்தது. இறக்கை இருக்கிறதே, பறந்துவிடும் என்று நினைத்து ஆலிஸ் அதைக் கூட்டத்தை நோக்கி வீசினார். அது பறக்கவில்லை, கூட்டத்துக்குள் விழுந்தது, அங்கே இருந்தவர்கள் பிய்த்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் பாடகர் கடித்துக் கொன்றதாகச் செய்தி.

ஸாப்பா தொலைபேசியில் கூப்பிட்டு 'நிஜமாகவே செய்தாயா' என்று விசாரித்தாராம். இல்லை என்றதும், 'அதை யாரிடமும் சொல்லிவிடாதே' என்றாராம். இந்தக் கதையை ஆலிஸே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு வதந்தி எவ்வளவு தூரம் ஓடும் என்று குழு தெரிந்துகொண்ட நாள் அது. அந்தக் கோழி பாவம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓஜா போர்டுல வந்த சூனியக்காரி பேருதான் ஆலிஸ் கூப்பர்னு படிச்சேன்...

குழு தானே பரப்பிவிட்ட கதை. ஆவிகளோடு பேசப் பயன்படும் என்று சொல்லப்படும் எழுத்துப் பலகை வழியாக, 17-ஆம் நூற்றாண்டில் எரிக்கப்பட்ட சூனியக்காரியின் ஆவி தன் பெயரைச் சொன்னதாம். அது கட்டுக்கதை என்று பிறகு ஆலிஸே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு நல்ல பெண்மணியின் பெயர் மாதிரி சாதுவாக ஒலித்ததால் பிடித்ததாம். அந்தப் பெயரைக் கேட்டு மென்மையான நாட்டுப்புறப் பாடகியை எதிர்பார்த்து வருபவர்கள் முன்னால், முகத்தில் மை பூசிய ஐந்து ஆண்கள் நிற்பார்கள்.

ஆனா சாத்தானை வணங்குறவர்தானே?

இல்லவே இல்லை. அவருடைய அப்பா கிறிஸ்தவப் போதகர், வீடே தேவாலயத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பம். எழுபதுகளின் குடிப்பழக்கம் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. 1977-இல் சிகிச்சைக்குச் சேர்ந்தார், அந்த அனுபவத்தை வைத்து 1978-இல் 'ஃபிரம் தி இன்சைட்' தொகுப்பைச் செய்தார். மறுபடி விழுந்து, எண்பதுகளில் ஒரேயடியாக விட்டார். அப்போது கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார், அதை வெளிப்படையாகவே பேசுகிறார்.

மேடைக் கதையையும் யோசித்துப் பாருங்கள். கெட்டவன் கடைசியில் தண்டனை பெறாமல் போவதே இல்லை. 1971-இல் மின்சார நாற்காலி, அடுத்து வந்த 'கில்லர்' சுற்றுப்பயணத்தில் தூக்குமேடை, 1973-இல் தலையை வெட்டும் கில்லட்டின். போதகர் வீட்டுப் பிள்ளையின் கணக்கு அதில் தெரிகிறது.

அந்தத் தலை வெட்டுற வித்தை எப்படி?

மேடை மந்திர வித்தைதான். கில்லட்டினை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ராண்டி. போலிச் சாமியார்களையும் போலி அதீத சக்திக்காரர்களையும் அம்பலப்படுத்திப் பின்னால் உலகப்புகழ் பெற்ற அதே வித்தைக்காரர். 'பில்லியன் டாலர் பேபீஸ்' சுற்றுப்பயணத்தில் மரண தண்டனையை நிறைவேற்றுபவராக மேடையில் நின்றவரும் அவரே.

'ஸ்கூல்ஸ் அவுட்'-உம் இதே மாதிரி பாட்டுதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் பள்ளி வயதுக் கோபம் என்பதால் குழப்பம் வருகிறது. 'ஸ்கூல்ஸ் அவுட்' 1972-இல் வந்தது. அமெரிக்காவில் 7-ஆவது இடம், பிரிட்டனில் முதலிடம். பள்ளியின் கடைசி நாளில் கடைசி மூன்று நிமிடத்தில் பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷம்தான் அந்தப் பாட்டின் கரு. பிரிட்டனில் ஒழுக்கப் பிரசாரகர் மேரி ஒயிட்ஹவுஸ் அதை எதிர்த்துப் பி.பி.சி-யிடம் போராடினார், அந்த எதிர்ப்பால் பாட்டு இன்னும் நன்றாக ஓடியது. நன்றி சொல்லி அவருக்குப் பூங்கொத்து அனுப்பியதாக ஆலிஸ் சொல்வார்.

என் பார்வையில் 'ஸ்கூல்ஸ் அவுட்'டில் எதிரி யார் என்பது தெளிவு: பள்ளி. மணி அடித்தால் விடுதலை. 'ஐம் எய்ட்டீன்' அதைவிடக் கடினமான பாட்டு, ஏனென்றால் அதில் எதிரியே இல்லை. எங்கே ஓடினாலும் அந்த வயது கூடவே வரும். கொண்டாட்டத்துக்கு 'ஸ்கூல்ஸ் அவுட்', தனியாக இருக்கும் இரவுக்கு 'ஐம் எய்ட்டீன்'.

பங்க் இசைக்கு இதுதான் அப்பான்னு ஒருத்தர் சொன்னார். கொஞ்சம் ஓவர் இல்லையா?

எழுபதுகளின் நடுவில் வந்த எளிய, கோபமான ராக் வகைதான் பங்க். அப்பா என்று சொல்வது அதிகம்தான், ஆனால் உறவு நிச்சயம் உண்டு. 1975-இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனின் துணிக்கடை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவுக்குப் பாடகரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜான் லைடன் என்ற 19 வயதுப் பையனைக் கடையில் பாட்டு ஓடும் ஜூக்பாக்ஸ் பெட்டி முன்னால் நிறுத்தி, ஓடும் பாட்டுக்கு வாயசைத்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பாட்டு 'ஐம் எய்ட்டீன்'. லைடன் 'ஜானி ராட்டன்' என்ற மேடைப் பெயரோடு புகழ்பெற்ற கதை தொடங்கியது அங்கேதான். பின்னாளில் ஆலிஸ் கூப்பர் பாடல்களின் பெருந்தொகுப்பு 1999-இல் வந்தபோது முன்னுரை எழுதிக் கொடுத்தவரும் லைடனே.

நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜோயி ரமோன் இந்தப் பாட்டின் கார்டுகளை மாற்றிப்போட்டுத்தான் 'ஐ டோன்ட் கேர்' எழுதினார். மெட்டல் இசைப் பக்கம் ஆந்த்ராக்ஸ் குழு 1984-இல் தங்கள் முதல் தொகுப்பிலேயே இதைப் பாடியது. 1998-இல் 'தி ஃபேகல்டி' படத்துக்காகக் க்ரீட் குழு பாடியது. 'என்ன வேண்டும் என்று தெரியவில்லை' என்பதை வெட்கமில்லாமல் உரக்கச் சொல்லலாம் என்று அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது இங்கிருந்துதான்.

கிஸ் இந்தப் பாட்டைத் திருடிட்டாங்கன்னு கேஸ் நடந்ததா?

1998-இல் வந்த கிஸ் குழுவின் 'சைக்கோ சர்க்கஸ்' தொகுப்பில் 'டிரீமின்' என்று ஒரு பாட்டு. அது 'ஐம் எய்ட்டீன்' மாதிரியே இருக்கிறது என்று ஆலிஸ் கூப்பர் பாடல்களின் உரிமை வைத்திருந்த வெளியீட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வழக்கு ஏன் வந்தது என்று தெரியும்.

விக்கி மாதிரி இடங்கள்ல சில தடவை 'அவர்கள்', சில தடவை 'அவர்'னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி, ஆண்டைப் பொறுத்து. முதல் பதிலில் சொன்ன மாதிரி 1968-லிருந்து 1973-இன் 'மசில் ஆஃப் லவ்' தொகுப்பு வரை ஆலிஸ் கூப்பர் என்றால் ஐந்து பேர். அதற்கப்புறம் குழு பிரிந்தது. 1975-இன் 'வெல்கம் டு மை நைட்மேர்' தொகுப்பிலிருந்து ஆலிஸ் கூப்பர் என்றால் ஒருவர். வின்சென்ட் அந்தப் பெயரைச் சட்டப்படியும் தன் பெயராக்கிக்கொண்டார். எஸ்ரின் அவரோடு போனார்.

2011-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தபோது பாடகரை மட்டும் கூப்பிடவில்லை, பழைய குழுவையே கூப்பிட்டார்கள். அது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. கிளென் பக்ஸ்டன் மட்டும் அதைப் பார்க்க இல்லை, 1997-இலேயே இறந்துவிட்டார். மீதி நால்வரும் சேர்ந்து அந்த மேடையில் இந்தப் பாட்டை வாசித்தார்கள்.

எழுபது வயசுக்கு மேல போய் 'எனக்குப் பதினெட்டு'ன்னு பாடுறது பொய்யா இல்லையா?

22 வயதில் பாடியதும் அந்தக் கணக்குப்படி பொய்தான். மேடையில் நிற்பது ஆலிஸ் என்ற பாத்திரம். அவர் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது 'ஆலிஸ்' என்று மூன்றாம் மனிதரைப் போலவே குறிப்பிடுவார். வீட்டில் கோல்ஃப் ஆடும், 1976-இலிருந்து ஒரே மனைவியோடு வாழும் மனிதர் வேறு.

எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. மேலே சொன்ன பழைய தலைப்பு நினைவிருக்கிறதா, 'மறுபடியும் 18 ஆக மாட்டேனா'? இன்று அவர் பாடும்போது அந்த வெட்டப்பட்ட அர்த்தம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முகத்தில் கோடுகள் விழுவதைப் பற்றிய வரி இப்போது அப்பட்டமான உண்மை. கடைசி வரி, 'எனக்குப் பிடிச்சிருக்கு', இன்னும் பொருந்துகிறது.

என் பையனுக்கு 17. இதைக் கேக்க விடலாமா?

விடுங்கள். வார்த்தைகளில் ஆபாசமோ வன்முறையோ இல்லை. மேடை நிகழ்ச்சிக் காணொளிகளில் ரத்தக் காட்சிகள் வரும், சின்னப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம். பாட்டு தரும் பயன் என்னவென்று கேட்டால், பையன் தன் குழப்பத்தை நோய் என்று நினைக்க மாட்டான். முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள், அறிவுரை மட்டும் சேர்க்க வேண்டாம்.

ஆலிஸும் பதின்ம வயதினரை மறந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் 'சாலிட் ராக்' என்ற அறக்கட்டளையை ஆரம்பித்தார். அதன் மூலம் ஃபீனிக்ஸில் பிள்ளைகளுக்கு ஒரு மையம் திறந்தார்கள். 12 முதல் 20 வயதுவரை யாரும் போய் கிட்டார், டிரம்ஸ், நடனம் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

எதுல ஆரம்பிச்சு எதுக்குப் போகணும்?

'லவ் இட் டு டெத்' தொகுப்பில் உள்ள மூலப் பதிவைக் கேளுங்கள், பிறர் பாடியவற்றை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதே தொகுப்பில் 'பேலட் ஆஃப் டுவைட் ஃப்ரை' இருக்கிறது, பைத்தியக்கார விடுதியில் அடைபட்டவனின் நீண்ட நாடகப் பாட்டு. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இந்தக் குழுவின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். பிறகு அதே 1971-இல் வந்த 'கில்லர்', அப்புறம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த 1973-இன் 'பில்லியன் டாலர் பேபீஸ்'.

'பாய்ஸன்' மட்டும் தெரிந்து வருபவர்கள் நிறைய. அது 1989-இல் தனி ஆலிஸ் செய்தது, ஒலியே வேறு, அதோடு ஒப்பிட வேண்டாம். பழைய குழுவில் உயிரோடிருக்கும் நால்வரும் எஸ்ரினோடு மறுபடி சேர்ந்து செய்த 'தி ரிவெஞ்ச் ஆஃப் ஆலிஸ் கூப்பர்' 2025 ஜூலையில் வந்திருக்கிறது. கிளென் பக்ஸ்டன் விட்டுச்சென்ற கிட்டார் பதிவு ஒன்றையும் அதில் ஒரு பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்னவற்றைக் கேட்டு முடித்த பிறகு அதைக் கேளுங்கள்.